இரவு பத்தரை பஸ்ஸில் வரும் அம்மாவுக்காக: கொழும்புக் கோயில் தர்மகர்த்தாக்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலுள்ள சைவக் கோயில்களின் தர்மகர்த்தா சபையினருக்கும், கோயில்களோடு சேர்ந்த கல்யாண மண்டபங்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

நான் புறக்கோட்டையில் ஒரு மொத்த அரிசிக் கடையில் பில் எழுதுகிறவன். 16 வருடமாக அதே கடை, அதே மேசை. ஆடி வேல், நவராத்திரி, கந்தசஷ்டி என்று உங்கள் கோயில்களுக்கு அன்னதானத்துக்குப் போகிற மூட்டைகளில் ஒரு பங்கு என் கையெழுத்தில்தான் போயிருக்கிறது. உங்களில் சிலரை எனக்குத் தெரியும். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது, பில்லில் கீழே கிறுக்கியிருக்கும் கையெழுத்து யாருடையது என்று யார் பார்க்கிறார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். காசு கேட்கவில்லை, பயப்படவேண்டாம். இடம் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்று சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுதவேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அம்மாவுக்கு 71 வயது. நாற்பது வருடம் கொழுந்து எடுத்தவர். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது 2021-இல். அதற்கு வெகுகாலம் முன்பே அம்மா கூடையை இறக்கிவிட்டார். கூடைக் கயிறு அழுத்திய இடத்தில், உச்சந்தலையில் ஒரு விரல் அகலத்துக்கு இன்றைக்கும் முடி கிடையாது. பிறகு பேரன் இடுப்பில் ஏறிக்கொண்டான். என் தங்கச்சி மகன். தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனபோது அவனுக்கு ஒன்றரை வயது, இப்போது ஐந்து. அவனுடைய அப்பனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பையனுக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு. ஆயிரம் பிள்ளை பிறந்தால் ஏறக்குறைய எட்டுப் பிள்ளைகளுக்கு இருதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்குமாம். எங்கள் பையனுக்கு வந்ததற்கு ‘டெட்ராலஜி ஒஃப் ஃபலோ’ என்று பெயர். 1888-இல் ஃபலோ என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்து எழுதியது. நாலு குறை ஒன்றாகச் சேர்ந்து வரும்: கீழறைகளுக்கு நடுவே ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் போகிற வழியில் ஒடுக்கம், உடம்புக்கு இரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் அந்த ஓட்டைக்கு மேலே வந்து நிற்பது, வலது பக்கச் சுவர் தடித்துப்போவது. டொக்டர் ஒரு துண்டில் படம் கீறிக் காட்டினார். நான் அதை வைத்துக்கொண்டு அம்மாவுக்கு விளக்கப்போனேன். பாதியிலேயே நிறுத்திவிட்டார். “பீலிக்கு வர்ற குழாய் அடைச்சிருக்கு, ஓட்டை வழியா அழுக்குத் தண்ணி நல்ல தண்ணியோட கலக்குது. அவ்வளவுதானப்பா?” அவ்வளவுதான். டொக்டரே இதைவிடச் சுருக்கமாகச் சொல்லியிருக்கமாட்டார்.

கொஞ்சம் நடந்தால் அவனுக்கு உதடு நீலம் பாயும், நகம் நீலம் பாயும். உடனே அந்த இடத்திலேயே குந்திவிடுவான். அழுது அழுது மூச்சு முட்டுகிறபோது, மடியில் போட்டு முழங்கால் இரண்டையும் நெஞ்சோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தால் தெளிகிறான் என்று அம்மா தானாகக் கண்டுபிடித்தார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் கேட்டபோது, “அதுதான் செய்யவேண்டியது அம்மா” என்றார்களாம். நாங்கள் இருக்கிற லயத்து வரிசை வீட்டிலிருந்து பஸ் ரோட்டுக்கு இரண்டு கிலோமீட்டர் இறக்கம். முக்கால்வாசித் தூரம் தூக்கிக்கொண்டுதான் வருவார், முடியாதபோது இறக்கிவிட்டு நடக்கவிடுவார். அவன் குந்துகிற ஒவ்வொரு தடவையும் அம்மாவும் கூடக் குந்துவார். ஏன் என்று கேட்டேன். “தனியா குந்துனா புள்ளைக்கு வெக்கமா இருக்குமில்ல.” நான் கூடப் போன ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பதினொரு தடவை. எழுபது வயது முழங்கால் பதினொரு தடவை மடங்கி நிமிர்ந்தது.

கொழும்பில்தான் கிளினிக். எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதவில்லை, அங்கே குறை சொல்லவும் எனக்கு வாய் வராது. ஒரு சதம் வாங்காமல் பிள்ளையின் நெஞ்சைத் திறந்து சரிபண்ணித் தருகிற நாடு இது. பெரிய பெரிய நாடுகளில் வீட்டை விற்றுத்தான் செய்கிறார்களாம். அவசரம் என்றால் 1990 நம்பருக்கு அடித்தால் அம்புலன்ஸும் காசில்லாமல் வரும். ஆனால் கிளினிக் நாளுக்கு அம்புலன்ஸ் வராது. கிளினிக்குக்கு நம்பர் எடுக்கக் காலை ஆறு மணிக்கு முன்னால் வரிசையில் நிற்கவேண்டும். தோட்டத்திலிருந்து காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் ஹட்டனுக்கு வரவே வெயில் ஏறிவிடும், அப்புறம் கொழும்புக்கு எப்போது வருவது. அதனால் முதல் நாளே புறப்படவேண்டும்.

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி வருகிற பாதை உங்களில் பலருக்குத் தெரியும், ஏசி வான் பிடித்து நுவரெலியா போய்வந்திருப்பீர்கள். கினிகத்தேனை இறக்கத்தில் பையனுக்குக் கட்டாயம் வாந்தி வரும். அதற்கென்று அம்மா நாலு சொப்பிங் பை மடித்து வைத்திருப்பார். வாந்தி எடுத்தபிறகு போத்தல் மூடியில் ஊற்றி இரண்டு மூடி தண்ணீர், கொஞ்ச நேரம் கழித்து இன்னும் இரண்டு மூடி. இந்த வருத்தம் உள்ள பிள்ளைக்கு உடம்பில் தண்ணீர் வற்றவே கூடாது, இரத்தம் தடித்து ஆபத்தாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த மூடிக் கணக்கை அம்மா ஒருநாளும் தவறவிட்டதில்லை.

எனக்கு அம்மா சொன்ன பயணக் கணக்கு இப்படி: இரவு பதினொரு மணிக்கு மேல் ஹட்டனில் பஸ் ஏறுவது, விடியப்புறம் நாலரைக்குப் புறக்கோட்டையில் இறங்குவது, நேரே ஆஸ்பத்திரி. ஐந்தரைக்கு நான் பாணும் சாயத்தண்ணியும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பேன். எட்டு மாதம் இதை நம்பினேன்.

ஒருநாள் எங்கள் கடையில் மூட்டை தூக்குகிற நாட்டாமி ஒருவர் சொன்னார்: “தம்பி, நேத்து ராத்திரி ஒங்க அம்மாவையும் அந்தப் புள்ளையையும் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேனே. நீ போகலியா?”

அம்மா ஒவ்வொரு தடவையும் பகலிலேயே ஹட்டனுக்கு வந்து, சாயந்தரம் பஸ் ஏறி, இரவு பத்தரைக்கே கொழும்பில் இறங்கிவிடுகிறார். நள்ளிரவு பஸ்ஸில் இடம் கிடைக்காமல் பையனைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டி வந்துவிடுமோ என்ற பயம். பத்தரையிலிருந்து ஐந்து மணிவரை ஒரு தூணில் சாய்ந்து, கீழே மட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு, பையனை மடியில் வைத்துக்கொண்டு இருப்பார். கிளினிக் கொப்பியும் எக்கோ றிப்போட்டும் இருக்கிற பையை முந்தானையில் முடிச்சுப் போட்டிருப்பார். நுளம்புக்கு எக்ஸ்ரே உறைதான் விசிறி. தான் தூங்கமாட்டார், தூங்கினால் விசிற யார் இருக்கிறார்கள். கொழும்பில் டெங்கு எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஏனம்மா சொல்லவில்லை என்று கேட்டேன், கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன்.

“ஒனக்குத் தெரிஞ்சா நீ தூங்கமாட்ட. தூங்கலன்னா பில்லுல தப்பு விடுவ. தப்பு விட்டா மொதலாளி ஏசுவாரு. எனக்கு என்னப்பா, ஒக்காந்துதானே இருக்கேன்.”

நான் எங்கே படுக்கிறேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். கடைக்கு மேல் தட்டில் ஏழு பேர், எல்லாரும் ஆம்பிளைகள், சாக்கு அடுக்குக்கு நடுவே. ஒன்பதரைக்கு ஷட்டரை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள். புறக்கோட்டையில் பாதிக் கடைகள் இப்படித்தான். கொழும்பில் மகன் இருக்கிறான் என்று தோட்டத்தில் சொல்லிக்கொள்ளலாம், அந்த மகன் பெற்ற தாயை ஒரு ராத்திரி படுக்கவைக்க முடியாதவன்.

இன்னொன்றையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். கிளினிக்குக்கு முதல் நாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் பிறகு அம்மா வாயில் தண்ணீர் படுவதில்லை. ராத்திரியில் கக்கூஸுக்குப் போகவேண்டும் என்றால் பையனைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும், அங்கே கதவு பூட்டியிருந்தாலும் இருக்கும், பக்கத்தில் யார் நிற்பார்கள் என்பதும் சொல்லமுடியாது. பேரனுக்கு மூடி மூடியாகத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு, தான் பதினெட்டு மணித்தியாலம் குடிக்காமல் இருந்திருக்கிறார். எட்டு மாதம்.

அடுத்த கிளினிக்குக்கு முதலாளியிடம் சொல்லிவிட்டு நான் போய்ப் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தேன். அன்றைக்கென்று நல்ல மழை. லொட்ஜில் அறைக்கு 3,500 என்றார்கள், போலீஸுக்குக் காட்டவேண்டும் என்று அம்மாவின் அடையாள அட்டையும் பிள்ளையின் பிறப்புப் பத்திரமும் கேட்டார்கள். பத்திரம் வீட்டில் இருந்தது. அப்போதுதான் கோயில் ஞாபகம் வந்தது. எந்தக் கோயில் என்பது வேண்டாம், நான் பில் எழுதிய கோயில்களில் ஒன்று. பக்கத்திலேயே மண்டபம், உள்ளே விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. காவலாளி தமிழ் ஆள், நல்ல மனிதர், “இருங்க, கேட்டுச் சொல்றேன்” என்று உள்ளே போனார். மனேஜர் வந்தார். நாளைக்குக் காலையில் முகூர்த்தம், நாற்காலி எல்லாம் போட்டாயிற்று, யாரையும் உள்ளே விட எனக்கு அதிகாரமில்லை என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், அவர் சம்பளத்துக்கு இருக்கிறவர். கதவிடுக்கால் பார்த்தேன். 600 நாற்காலி இருக்கும், எல்லாவற்றுக்கும் வெள்ளை உறை போட்டுப் பின்னால் சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். ஃபேன்கள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. பையன் என் தோளில் இருந்து அதைப் பார்த்துவிட்டு, “மாமா, இங்க யாரு வரப்போறாங்க?” என்று கேட்டான்.

அன்று இரவு நாங்கள் தங்கியது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடையில். கடைக்காரி ஒரு சிங்கள அம்மா. மழையில் நின்ற எங்களைப் பார்த்து “அம்மே” என்று கூப்பிட்டு, பின்னால் பாண் பெட்டி அடுக்குகிற இடத்தில் பாய் போட்டுக் கொடுத்தார். கக்கூஸைக் காட்டினார். என் அம்மாவுக்குச் சிங்களம் வராது, அவருக்குத் தமிழ் வராது. காலையில் பார்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கடை பத்தடி அகலம்கூட இல்லை. மாதா மாதம் போய் அவரைத் தொந்தரவு செய்ய எங்களுக்கு மனம் வரவில்லை.

இப்போது நான் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

வருடாவருடம் ஆடி மாதம் செட்டியார் தெருவிலிருந்து வேல் புறப்பட்டு, கோட்டை தாண்டி, காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்குப் போகிறது. காலராக் காலத்தில் கதிர்காம யாத்திரைக்கு அரசாங்கம் தடை போட்டதால் கொழும்பிலேயே எடுக்கத் தொடங்கிய விழா என்று பெரியவர்கள் சொல்வார்கள். நோயால் பயணம் தடைப்பட்டவர்களுக்காகத் தொடங்கிய விழா அது. அந்த வேல் போகிற தூரம் எட்டுக் கிலோமீட்டர்கூட வராது. அதற்கே அங்கே தங்க இடம் இருக்கிறது, உபசாரம் இருக்கிறது, இரண்டு மூன்று நாள் இருந்து இளைப்பாறித்தான் திரும்பி வருகிறது. முருகனுக்கு வேண்டியிருக்கிற இளைப்பாறல், ஏறக்குறைய நூறு மைல் தூரம் பிள்ளையைச் சுமந்து வருகிற கிழவிக்கு வேண்டியிராதா? கோபித்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு வருடமும் தேருக்குப் பின்னால் நடந்து வருகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

கொழும்பில் கதிரேசன் கோயில்களைக் கட்டிய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் காசிக்குப் போனாலும் இராமேஸ்வரத்துக்குப் போனாலும் வழிப்போக்கருக்கென்று சத்திரம் கட்டி வைத்தார்கள். யாழ்ப்பாணத்துப் பழைய வீதிகளில் மடமும், கிணறும், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கல்லும் இருந்தன. சிங்கள ஊர்களில் அம்பலம் இருந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததல்ல, விழா மலர்களில் நீங்களே எழுதுகிறவைதான். கொச்சிக்கடையில் பொன்னம்பல முதலியார் 1857-இல் கட்டிய கோயிலை அவர் மகன் இராமநாதன் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். அந்தக் கல்தூண் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்து அம்மா ஒருநாள் சொன்னது: “எவ்வளவு குளுமையா இருக்கு பாரு. பஸ் ஸ்டாண்டுத் தூணு ராத்திரியிலகூடச் சுடுது.”

எனக்குத் தெரிந்தவரை ஆட்சேபனை மூன்று விதமாக வரும். கண்டவனும் வந்து படுப்பான், குடிகாரன் வருவான் என்பீர்கள். கிளினிக் கொப்பியைப் பாருங்கள். நாளைய திகதி போட்டிருந்தால் உள்ளே விடுங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். தங்கச்சி மகனின் கொப்பியில் திகதி இல்லாத பக்கமே கிடையாது. அப்புறம், மண்டபம் வருமானத்துக்கு என்பீர்கள். முகூர்த்தம் இல்லாத செவ்வாயும் புதனும் எத்தனை மண்டபம் பூட்டிக் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும், அரிசி எந்த நாளில் போகிறது எந்த நாளில் போகவில்லை என்று என் பில் புத்தகம் சொல்லும். முழு மண்டபமும் யார் கேட்டது? சாப்பாட்டறைக்குப் பின்னால் பாத்திரம் அடுக்குகிற அறை ஒன்று எல்லா மண்டபத்திலும் இருக்கிறது. இருபது பாய், உள்ளேயே பூட்டுப்போடக்கூடிய கக்கூஸ் இரண்டு, சுடுதண்ணீர், கதவில் நுளம்பு வலை, போதும். மூன்றாவது, ஆஸ்பத்திரித் தீட்டு. இதை ஒருவர் என் முகத்துக்கு நேரேயே சொன்னார். சேலை மலிவு விற்பனைக்கு மூன்று நாள் வாடகைக்கு விடுகிற மண்டபத்தில் எந்தத் தீட்டு எந்த வழியாக வருகிறது என்று எனக்கு விளங்கவில்லை. அவரிடம் நான் வாதாடவில்லை. அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள், நல்லபடி இருக்கட்டும்.

காலையில் கஞ்சி வைக்கலாம். இருபது பேருக்கு இரண்டு கிலோ பச்சையரிசி போதும், பில் எழுதுகிறவன் சொல்கிறேன். எங்கள் முதலாளியிடம் கேட்டேன். மாதம் ஒரு மூட்டை தருகிறேன், என் பெயரை எங்கேயும் போடவேண்டாம் என்றார். அவர் முஸ்லிம். கோயிலுக்குக் கொடுப்பது பரவாயில்லையா என்று கேட்டதற்கு, “கஞ்சி குடிக்கிற பிள்ளைக்குக் கொடுக்கிறேன், நீ பில்லைப் போடு” என்றார்.

கோயில் இடம் என்பதால் தமிழருக்கு மட்டும் என்று போர்ட் எழுதிவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டுத் தூண்களில் என் அம்மா மட்டும் சாய்ந்திருக்கவில்லை. பக்கத்துத் தூணில் மொனராகலையிலிருந்து வந்த ஒரு ஆச்சி இருப்பார். மன்னாரிலிருந்து வருகிற ஒரு அப்பா இருக்கிறார், மகளைத் தோளில் போட்டபடி. அம்மாவுக்கு அவர்கள் எல்லாரையும் தெரியும். யார் பிள்ளைக்கு என்ன வருத்தம், யாருக்கு எப்போது ஒப்பரேஷன் என்று விரல்விட்டுச் சொல்வார். எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பஸ்ஸைப் போர்டிலுள்ள முதல் சிங்கள எழுத்தைப் பார்த்துப் பிடிக்கிறார், “வயிறு பெருத்த எழுத்து” என்பது அவர் வைத்த பெயர். இதுவரை பஸ் மாறி ஏறியதில்லை.

பையனுக்கு ஒப்பரேஷனுக்கு ஒரு திகதி கொடுத்தார்கள். அதற்கு முதல் நாள் ராத்திரி மழையில் நனைந்து தடிமன் பிடித்துக் காய்ச்சலும் வந்துவிட்டது. காய்ச்சலோடு மயக்க மருந்து கொடுக்கமாட்டார்கள், அது சரிதான், தள்ளிப்போட்டார்கள். அந்தத் தடிமன் எங்கே பிடித்தது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. புதுத் திகதி வந்திருக்கிறது. அதற்கு முன்னால் இன்னும் இரண்டு கிளினிக். ஒப்பரேஷன் முடிந்தாலும் கிளினிக் வருடக்கணக்கில் தொடரும் என்றிருக்கிறார்கள். நீங்கள் கூட்டம் கூடி, தீர்மானம் எடுத்து, அறையைத் துப்புரவு செய்து முடிப்பதற்குள் எங்கள் பையன் பெரியவனாகிவிடலாம், அது பற்றி எனக்குக் குறையில்லை. அவனுக்குப் பின்னால் வருகிற பிள்ளைக்குப் பாய் கிடைக்கட்டும்.

வருகிற செவ்வாய் இரவு பத்தரைக்கு அம்மா வருகிறார். முதலாளி எனக்கு வெளியே வர அனுமதி தந்திருக்கிறார், நானும் பஸ் ஸ்டாண்டில்தான் இருப்பேன். உங்களில் யாராவது ஒருவர் ஒரு எட்டு வந்து பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தனியாக வந்தாலும் சரி, மூன்று பேராக வந்தாலும் சரி. ஹட்டன் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்றாவது தூண். அம்மா உங்களிடம் இதில் எதையும் கேட்கமாட்டார், கேட்டதாகத் தெரிந்தால் என்னைத்தான் ஏசுவார். ஆனால் வந்தவரைச் சும்மா அனுப்பமாட்டார். பையில் வாழையிலையில் சுற்றிய கோதுமை ரொட்டி இருக்கும், கட்டச் சம்பலோடு. ஒன்றாவது சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வார்.

இப்படிக்கு,
உங்கள் அரிசி பில்களில் கீழே கையெழுத்துப் போடுகிறவன்,
புறக்கோட்டை, கொழும்பு.